சீர்வரிசையோடு வந்த நாவல்

நான் வேலை பார்ப்பது கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு குடும்பமாவது என் முன்னால் வந்து நின்று கைப்பேசியை நீட்டும். அறை பதிவு செய்த ரசீது அதில் இருக்கும். எங்கள் லாட்ஜின் பெயர், எங்கள் லாட்ஜின் படம், கீழே எங்களுடையதல்லாத ஒரு போன் நம்பர். பணம் எவனுக்கோ போயிருக்கும். எங்களிடம் ஓர் அறைகூடக் காலி இருக்காது. குழந்தை தோளில் தூங்கும், அந்த அம்மா புருஷனை முறைப்பார், புருஷன் என்னை முறைப்பார்.

அவர்கள்மேல் எனக்கு இரக்கம் வராது என்று இல்லை. ஆனால் எரிச்சல்தான் முதலில் வரும். பணம் போடும் முன் யாரையாவது ஒரு வார்த்தை விசாரித்தீர்களா என்று கேட்பேன். கேட்கும்போது குரலில் ஒரு மிதப்பு இருக்கும். ஆட்டோக்காரர், அறைத் தரகர், போன வாரம் காவி கட்டியவர் என்று தினமும் நாலு பேர் கதையளக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். என்னை ஏய்க்க ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. அந்த நினைப்போடுதான் என் நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு ராத்திரி தங்க வந்து, ஊருக்குத் திரும்பாமல் லாட்ஜிலேயே இருந்துவிடுகிற ஐம்பது வயதுப் பெண்ணின் கதை அது. முழுக்கக் கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதியது. மதியத்தில் அறை காலி செய்கிறவர்கள் போய், புதிதாக வருகிறவர்கள் வருவதற்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் வருஷக்கணக்காக எழுதினேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா போன பிறகு அது தள்ளிப்போனது, அம்மாவும் போன பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேங்கிக்காலில் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். அந்த நாவலை முடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமல், மேசைக்கு எதிரே சாவிக்காகக் காத்திருந்த ஒரு பெங்களூர்க்காரரிடம் சொன்னேன். அவர் வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று கேட்டார்.

இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றில், படித்துச் சொல்ல ஒரு வருஷம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பொறுமை கம்மி. நாவல் எழுதி முடித்திருப்பதாக முகநூலில் ஒரு வரி போட்டேன். அதற்குப் பிறகு ஒரு மதியம் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பதிப்பகத்தின் பதிப்பாளர், ஆசிரியர் குழுத் தலைவரும் தானே என்றார். குரல் அவ்வளவு பதவிசாக இருந்தது. நாவலை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார்.

என் எழுத்தில் மண்ணின் ஈரம் இருப்பதாகச் சொன்னார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் படித்ததாகச் சொன்னார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக நாவலாசிரியர் விருதுக்குக் குழு ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் சொன்னார். இன்றைக்கு யோசித்தால், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் நாவலுக்கு மட்டும் பொருந்துவதாக இல்லை. எவர் எழுதிய எதற்கும் அதைச் சொல்லலாம். என் கதையில் அந்தப் பெண் லாட்ஜ் பதிவேட்டில் தன் பெயரை மாற்றி எழுதுகிறாள். ஏன் மாற்றுகிறாள் என்பது கடைசிவரை சொல்லப்படாது. படித்தவர் யாராயிருந்தாலும் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார். அவர் எதுவுமே கேட்கவில்லை. புகழ்கிறவர் கேள்வி கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. "எழுத்தாளர் மேடம்" என்று ஒருவர் என்னைக் கூப்பிட்டுவிட்டார், அதற்கு மேல் என் காது எதையும் வாங்கவில்லை.

பிறகு செலவு பற்றிய பேச்சு வந்தது. வழக்கமாக எல்லாச் செலவும் அவர்களுடையதுதானாம். புதியவர்கள் மட்டும் ஒரு பங்கு போடவேண்டுமாம், நூறு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மாதக் கடைசியில் விருதுப் பட்டியலை மூடிவிடுவார்களாம். என் புத்தகம் விற்கும் என்று நம்புகிற பதிப்பாளர் தன் பணத்தை அதில் போடுவார், என் பணத்தைக் கேட்க மாட்டார். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பௌர்ணமிக் கூட்டத்தை நம்பிக் கடை போடுகிறவர்கூடத் தன் முதலைத்தான் போடுகிறார். எனக்குத்தான் அது அன்றைக்குப் புரியவில்லை. அம்மாவின் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின.

ஒப்பந்தம் வாட்ஸப்பில் வந்தது. முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்றார். இரண்டு குடும்பங்களுக்குச் சாவி கொடுக்கிற இடைவெளியில் நின்றவாக்கிலேயே கையெழுத்துப் போட்டேன். விருந்தாளியின் ஆதார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் அறை கொடுக்காதவள், என் புத்தகத்தின் ஒப்பந்தத்தை ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

வெளியீட்டு விழாவை உங்கள் ஊரிலேயே வைத்துவிடலாம், அதுதான் மரியாதை என்றார். மண்டபமும் சாப்பாடும் என் பொறுப்பு. மேடைக்கு ஆட்களையும் விருதையும் அவர்கள் கொண்டுவருவார்கள். அடி அண்ணாமலையில் இருக்கிற என் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அண்ணனுக்குப் பூந்தோட்டம். சம்பங்கியும் சாமந்தியும் போட்டு விடியற்காலையில் டவுன் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார். நான் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார், பிறகு உட்கார்ந்துவிட்டார். "நம்ம வீட்ல உன் பேர்ல ஒரு விசேஷம் நடக்கப் போவுது, பாப்பா" என்றார். எனக்கு நாற்பத்துமூன்று வயது. அண்ணன் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வார்த்தையைச் சொன்ன நிமிஷத்திலிருந்து புத்தக வெளியீடு என் கையை விட்டுப் போய்விட்டது. அண்ணன் பஞ்சாங்கம் பார்த்தார். ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள் வெளியிட வேண்டும் என்று நேரம் குறித்தார். பத்திரிகை அடிக்கிற கடையில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும்தான் மாதிரிகள் இருந்தன. மேலே பிள்ளையார், நடுவில் 'எங்கள் இல்ல விழா', கீழே தங்கள் நல்வரவை விரும்பும் சொந்தங்கள் என்று பத்திரிகை தயாரானது. சொந்தங்களின் பெயர் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போய், அதற்காக ஒரு முறை திரும்ப அடித்தார்கள். புத்தகத்தின் பெயர் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. நான் சிரித்தேன். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

முதல் பத்திரிகை பெரிய கோயிலுக்குப் போனது. எங்கள் பக்கத்தில் எந்த விசேஷமானாலும் முதலில் அண்ணாமலையாருக்குத்தான் வைப்போம். குருக்கள் அதை வாங்கிச் சாமி பாதத்தில் வைத்து, விபூதியோடு திருப்பித் தருவார். அப்படி வைத்த பிறகு ஒரு விசேஷம் நிற்பதென்றால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் வெற்றிலை பாக்கோடு சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனோம். போகிற வீட்டிலெல்லாம் அண்ணி சொன்னது ஒரே வாசகம்: "எங்க நாத்தனாருக்கு விசேஷம், குடும்பத்தோட வந்துடுங்க." விசேஷ பத்திரிகையைப் படமெடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார். கோயிலில் வைத்தாகிவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டார்.

எங்கள் தாய்மாமன் போளூர்ப் பக்கம். அவர் அக்கா மகளான எனக்குக் கல்யாணச் சீர் செய்யக் கொடுத்து வைக்கவில்லையே என்று எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து புலம்பியவர். புத்தகத்துக்கும் சீர் உண்டா என்று கேட்டார். அண்ணன் உண்டு என்று சொல்லிவிட்டார்.

விழாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அட்டைப்படம் வந்தது. மலை, நிலா, இடுப்பில் குடத்தோடு பாவாடை தாவணி கட்டிய ஒரு பெண். என் நாவலில் குடமும் இல்லை, தாவணியும் இல்லை. அவளுக்கு ஐம்பது வயது, முட்டி வலி வேறு. மாற்றச் சொன்னேன். அட்டை முடிவாகிவிட்டது, விற்பனைக் குழு சொன்னால் சொன்னதுதான் என்றார். குரலில் பழைய பதவிசு கொஞ்சம் குறைந்திருந்தது. அன்றைக்குத்தான், கையெழுத்துப் போடும் முன் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அந்தப் பதிப்பகத்தின் பக்கத்தில் இருந்த எழுத்தாளர் படங்களில் ஒருவரைத் தேடிப் பிடித்து போன் செய்தேன். விழுப்புரத்தில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். சிறுகதை எழுதியவர்.

பதிப்பகம் எப்படி என்று கேட்டேன். நன்றாகச் செய்துகொடுத்தார்கள், விழா பிரமாதம், விருதுகூடக் கொடுத்தார்கள் என்றார். எனக்கு மூச்சு திரும்பியது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்தது.

"அப்ப பக்கத்துல என் சம்சாரம் இருந்தாங்கம்மா, அதான்" என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அவருடைய கதைகளை யாரையோ வாசிக்க வைத்து, பதிப்பகத்தார் ஒலிநூலாக விற்கிறார்களாம். அவருக்கு ஒன்றும் வரவில்லை. தன் கதை ஒன்றைப் பேரனின் பள்ளி மலரில் போட்டதற்கு அவருக்கே வக்கீல் நோட்டீஸ் வந்ததாம். "பதினோராவது ஷரத்தப் படிங்க. விழாவுக்கு முன்னாடி படிங்க. நான் விழாவுக்கு அப்புறம்தான் படிச்சேன்."

படித்தேன். புரியாத சொல்லையெல்லாம் கைப்பேசியிலேயே தமிழாக்கிப் பார்த்தேன். நாவல் எந்த வடிவத்திலும், எந்த மொழியிலும், என்றைக்கும் அவர்களுக்கே சொந்தம். அடுத்து நான் எழுதும் இரண்டு புத்தகங்களையும் அவர்களிடம்தான் முதலில் காட்ட வேண்டும். ஒப்பந்தம் வெளியீட்டு நாளிலிருந்து நடைமுறைக்கு வரும். அதற்கு முன்னால் மட்டும், எழுத்தாளர் எழுத்து மூலம் தெரிவித்துத் தன் நூலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

ஆக, விழா நடந்தால் நாவல் போய்விடும். விழா நடக்காவிட்டால் அது என்னுடையது. இதைவிடத் தெளிவாக எந்த ஒப்பந்தமும் இருக்க முடியாது. 'எனது நாவலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கீழே என் பெயர். அனுப்பும் முன் அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று மதியமே பஸ் பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன்.

ஊருக்குள் திரும்புகிற இடத்தில் என் முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஆளுயர பேனர். கீழே பூ மார்க்கெட் வியாபாரிகள் அத்தனை பேர் படமும் வரிசையாக இருந்தது. வீட்டில் மாதிரிக்கு அதிரசம் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா சீர்ப் புடவையோடு முன்கூட்டியே வந்திருந்தார். அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை. அதை என் மடியில் வைத்து, நிறம் பிடித்திருக்கிறதா, பிடிக்காவிட்டால் ஆரணிக்குப் போய் மாற்றிவிடலாம் என்றார். பிடித்திருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, விழாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "சாமி பாதத்துல வெச்ச பத்திரிகை பாப்பா. அத்த மாத்தக் கூடாது. மேடையில நாலு வார்த்த பேசணும், அவ்ளோதான, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். மாமா உள்ளேயிருந்து, எங்க அக்கா இருந்து பார்க்காமல் போய்விட்டாளே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நான் ஏமாந்துவிட்டேன் என்ற இரண்டு சொல் தொண்டை வரை வந்தது. அத்தனை பேர் சந்தோஷத்துக்கு நடுவில் அதைத் துப்ப எனக்குத் தெரியவில்லை. அண்ணி ஒரு அதிரசத்தைக் கையில் கொடுத்தாள், தின்றுவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்று பதிப்பாளருக்கு போன் செய்தேன். விலகிக்கொள்கிறேன் என்றேன். அவன் கோபப்படவே இல்லை. இனிமேல் அவனுக்கு மரியாதை இல்லை, அவன்தான். "தாராளமா மேடம், உங்க உரிமை அது. மண்டபத்துக்கு வர்றவங்ககிட்ட மட்டும் நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. கோயில்ல வெச்ச பத்திரிகை இல்லீங்களா, சொந்தக்காரங்க ஏதாச்சும் நெனப்பாங்க" என்றான். அவ்வளவுதான், அதற்கு மேல் பேசவில்லை. எங்கள் பழக்கத்தை அவன் எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தான். சொந்த ஊரில் விழா வையுங்கள் என்று எதற்குச் சொன்னான், கோயிலில் வைத்தாயிற்றா என்று எதற்குக் கேட்டான் என்பதெல்லாம் அந்த பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எனக்கு விளங்கியது. என் நாவலைத்தான் அவன் படிக்கவில்லை.

அடுத்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. மின்னஞ்சல் அனுப்பப்படாமல் கைப்பேசியில் கிடந்தது. மேசையில் உட்கார்ந்து அதைத் திறப்பேன், மூடுவேன். அனுப்பிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோகும்போது யாராவது சொந்தக்காரர் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பார். வேலூரிலிருந்து ஒரு பெரியம்மா, நடக்க முடியாதவர், வேன் வைத்து வருவதாகச் சொன்னார். தலை வலிக்கிறது என்று லீவு போட்டால் வீட்டில் இன்னும் மோசமாக இருந்தது. லாட்ஜில் யாராவது ரசீதை நீட்டி ஏமாந்து நின்றால், எதுவும் கேட்காமல் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். மலையைச் சுற்றிப் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அத்தனை பேரும் நடந்து முடித்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது பொறாமையாக இருந்தது.

விழா நாள் வந்தது. மண்டப வாசலில் மேளம். மாமா தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் வர, பின்னால் பெண்கள் தட்டு ஏந்தி வந்தார்கள். பழத் தட்டு, இனிப்புத் தட்டு, புடவைத் தட்டு. கடைசித் தட்டில் என் நாவல், மேலே மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. நான் அரக்குப் புடவையில் நின்றேன். நாற்காலிகள் நிறைந்திருந்தன. அதில் நாவல் படிக்கிறவர் ஒருவர்கூட இல்லை, என்னைப் பார்க்க வந்தவர்கள்தான் அத்தனை பேரும். அதுதான் என்னைக் கொன்றது. கூட்டம் வராமலிருந்தால்கூடத் தைரியம் வந்திருக்கும்.

பத்து மணிக்குப் புத்தகத்தை மாமா கையில் கொடுத்து வெளியிட்டார்கள். அந்த நிமிஷத்தில் அது என்னுடையதாக இல்லாமல் போனது. அது தெரிந்தவர்கள் மேடையில் இரண்டு பேர், நானும் அந்தப் பதிப்பாளனும். விருதைக் கையில் கொடுத்து, மைக்கை நீட்டி, பதிப்பகத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றான். கேமரா எதிரே இருந்தது. சொன்னபடி அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. நிறுத்த முடியவில்லை, மூக்கு ஒழுக அழுதேன். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. அண்ணி அழுதாள், மாமா அழுதார், வேலூர்ப் பெரியம்மா நாற்காலியிலிருந்தே கையை நீட்டித் திருஷ்டி கழித்தார்.

அந்த அழுகையை அவன் வெட்டி ஒட்டி ஒரு நிமிஷ வீடியோவாகப் பதிப்பகத்தின் பக்கத்தில் போட்டான். பின்னணியில் வயலின். 'ஒரு கனவு நனவான தருணம்' என்று எழுத்து ஓடும். எடுக்கச் சொல்லி எழுதினேன். விழாவில் எடுத்த படங்களும் அவர்களுக்கே சொந்தம், ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்று பதில் வந்தது.

நான் வாங்கியாக வேண்டிய நூறு பிரதிகளும் அண்ணன் வீட்டுக்குப் போயின. என் வீட்டில் வைக்க இடமில்லை என்று சொன்னேன். உண்மையில் அந்தத் தாவணிப் பெண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணன் தினமும் நாலைந்து பிரதிகளைப் பூக்கூடையோடு மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனார். என் தங்கச்சி எழுதியது என்று பூ வாங்க வருகிறவர்களிடம் விற்றார். அவர் நாலாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ராத்திரியில் எழுத்துக் கூட்டிப் பாதி நாவல்வரை படித்துவிட்டதாக அண்ணி சொன்னாள். எனக்குக் கேட்கவே கூசியது.

இதற்கு நடுவில், ஒரு வருஷம் பொறுங்கள் என்று எழுதியிருந்தார்களே, அந்தப் பழைய பதிப்பகத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். நாவலைப் போட விரும்புகிறோம் என்றார். பணம் எதுவும் நீங்கள் தரவேண்டாம், நாங்கள்தான் தருவோம் என்பதைச் சாதாரணமாகச் சொன்னார். பிறகு, அந்தப் பெண் பதிவேட்டில் எதற்குப் பேரை மாத்துறாங்க என்று கேட்டார். அது வேறு இடத்தில் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அடடா என்றார். வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்குச் சமைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் அதையும் அவனிடம்தானே முதலில் காட்ட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேங்கிக்காலுக்கு வந்திருந்தார். கூடையில் கடைசி இரண்டு பிரதிகள் இருந்தன. எல்லாம் தீர்ந்துவிட்டது, இன்னும் நூறு வாங்கிப்போடு என்று சொல்லத்தான் வந்திருந்தார். காபி கொடுத்தேன். அப்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. செய்யாற்றுப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிற ஒரு பெண். கவிதை எழுதுவாராம். அந்தப் பதிப்பகத்திலிருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், என் வீடியோவைப் பார்த்திருக்கிறார், லாட்ஜில் விசாரித்து என் எண்ணை வாங்கியிருக்கிறார். நல்ல பதிப்பகமா என்று கேட்டார்.

அண்ணன் காபியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரோ வாசகர் என்று நினைத்துவிட்டார். விழுப்புரத்து ஆசிரியர் தெருவுக்கு இறங்கிப் போனதுபோல நானும் வாசலுக்குப் போயிருக்கலாம். ஒரு அடி வைத்தேன்கூட. பிறகு நின்றுவிட்டேன்.

"குடுக்காதம்மா" என்றேன். "என்ன ஏமாத்திட்டாங்க."

அந்தப் பெண், "நீங்க மேடையில சந்தோஷத்துல அழுதீங்களேக்கா. அதப் பாத்துட்டுதான் நான் கையெழுத்தே போட்டேன்" என்றார்.

விழா எப்போது என்று கேட்டேன். அடுத்த மாதம், நாள் இன்னும் குறிக்கவில்லை என்றார். அப்படியானால் நேரம் இருக்கிறது, பேனாவை எடு என்றேன். மின்னஞ்சலிலும் அனுப்பு, பதிவுத் தபாலிலும் அனுப்பு, யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதே என்றேன். 'எனது கவிதைத் தொகுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' கீழே தேதி, கையெழுத்து. அவர் எழுதிக்கொண்டு ஒரு முறை திருப்பிப் படித்துக் காட்டினார்.

"இவ்ளோதானாக்கா?" என்றார்.

"இவ்ளோதான்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்திருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், ஒப்பந்தத்திலிருந்து விழுப்புரத்து ஆசிரியருக்கு வந்த வக்கீல் நோட்டீஸ் வரை, நின்றுகொண்டே. அவர் கூடையிலிருந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை எடுத்துத் தாவணிப் பெண்ணைப் பார்த்தார், பின் அட்டையில் இருந்த என் படத்தைப் பார்த்தார்.

"அப்போ இத்தினி நாளா நான் வித்தது யாரோட புஸ்தகம் பாப்பா?" என்று கேட்டார்.

"அவங்களோடதுண்ணா" என்றேன்.